நேராக நிற்காத பீரங்கி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. கணபதி பகுதியில் ஒரு பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவன் நான். ஷாஃப்டில் ஒரு மயிரிழை அதிகம் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். வெங்கடபதி கையில் சிக்கினால் விமோசனம் இல்லை என்று லேத்துக்காரர்கள் திட்டுவார்கள். பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். 1996 டிசம்பர் வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. கப்பல், விமானம், டாங்கி என்று பிளாஸ்டிக் மாடல் ஒட்டுவது. சிங்கப்பூரிலிருந்து நண்பன் ஒருவன் பெட்டி பெட்டியாகக் கொண்டு வருவான். பாகங்களைச் சட்டத்திலிருந்து நறுக்கி, உப்புத்தாளில் தேய்த்து, பசை வைத்து, பெயிண்ட் அடித்து முடிக்க ஒரு மாதம் ஆகும். நிஜ டாங்கியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு. தீக்குச்சி முனை அளவுக்கு ஒரு கைப்பிடி வரும். அதைக்கூட விட மாட்டேன்.

எங்கள் வீதியில் மாவு மில் வைத்திருந்தவர் நாச்சியம்மாள் அக்கா. அவர் கணவர் குமாரசாமி ராணுவத்தில் டாங்கி டிரைவர். எழுபத்தொன்று யுத்தத்தில் மேற்கு எல்லையில் இறந்துபோனார். அப்போது அக்காவுக்கு இருபத்திரண்டு வயது. உடல் ஊருக்கு வரவில்லை. குண்டு விழுந்த மாத்திரத்தில் உயிர் பிரிந்தது என்று ஒரு கடிதம் மட்டும் வந்ததாம்.

இருபத்தைந்தாம் வருஷம் என்று முன்னாள் ராணுவத்தினர் சங்கம் டிசம்பர் பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் வைத்திருந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னால் அக்கா என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பழைய போட்டோ. டாங்கி மேல் குமாரசாமி உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தருவீங்களா? அவரு உக்காந்திருந்த எடத்தை ஒருக்கா பாக்கோணுங்க. அவரு ஏறி எறங்கற அந்த மூடியத் தொறக்கற மாதிரி வெச்சுக்குடுங்க.”

“உள்ள ஒண்ணும் இருக்காதுங்க அக்கா. வெறும் பொக்கை. மூடி வெச்சாத்தான் பார்வையா இருக்கும்.”

அவர் போட்டோவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் டிரைவர் மூடியைப் பசை வைத்து அடைத்துவிட்டேன். கேட்டதைச் செய்து கொடுத்திருக்கலாம். என் திமிர்.

டிசம்பர் 9, திங்கள். மேலே சுழலும் தலையைப் பொருத்தினேன். அதில்தான் நீளமான பீரங்கி இருக்கும். மூலைமட்டம் வைத்து, பீரங்கி நேர் முன்னால் பார்க்கும்படி நிறுத்தினேன். இரவு 9.30க்குப் படுத்துவிட்டேன்.

காலையில் பார்த்தால் பீரங்கி ஒரு விரற்கடை வலது பக்கம் திரும்பியிருந்தது.

மனைவியைக் கேட்டேன். “உங்க பொம்மையத் தொடறதுக்கு எனக்கு வேற சோலி இல்லையாக்கும்?” என்றாள்.

நேராக்கினேன். மறுநாளும் திரும்பியிருந்தது. அதே பக்கம். அதே ஒரு விரற்கடை. அளந்து பார்த்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது, பயமில்லை. அவளோடு சண்டை போட்டேன். அவள் புதன்கிழமை காரமடைக்கு, அண்ணன் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பிப் போய்விட்டாள். வீட்டில் நான் மட்டும்.

புதன் இரவு. முன்ரூம் ஜன்னல், கதவு எல்லாம் தாழ்ப்பாள் போட்டேன். பீரங்கியை நேராக்கி, அடியில் பென்சிலால் கோடு போட்டேன். 9.40க்கு ஒரு சத்தம் கேட்டது.

டக்... டக்... டக்.

கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் மூன்று. பல்லி என்று நினைத்தேன். தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போய் வந்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பீரங்கி கோட்டைவிட்டு விலகியிருந்தது. சத்தம் நின்றிருந்தது.

அன்று இரவு முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தேன். மூன்று தடவை எழுந்து லைட்டைப் போட்டுப் பார்த்தேன்.

வியாழன், டிசம்பர் 12. வேலையில் கவனமே இல்லை. சரியான ஷாஃப்டை எல்லாம் திருப்பி அனுப்பினேன். சாயங்காலம் வந்ததும் முதல் வேலையாகத் தலையை நேராக்கி, சுற்றிலும் பசை ஓட்டினேன். இனி எப்படித் திரும்புகிறது, பார்த்துவிடலாம். ஒன்பது மணிக்கு விரலால் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை.

எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

9.40.

டக்... டக்... டக்.

மேஜையிலிருந்து இல்லை. சுவரிலிருந்து இல்லை. டாங்கிக்கு உள்ளேயிருந்து.

கையில் எடுத்தேன். எடையே இல்லை. உள்ளே ஒன்றும் கிடையாது. அடைத்தவன் நான்தானே.

டக்... டக்... டக்.

பெருவிரல் டிரைவர் மூடிமேல் இருந்தது. பீரங்கிக்கு நேர் கீழே.

அந்த மூடி... என் விரலை இடித்தது.

உள்ளேயிருந்து.

டாங்கியை மேஜைமேல் வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றேன்.

மூன்று... மூன்று... மூன்று...

முதலில் வேகமாக.

பிறகு மெதுவாக.

10.05க்கு நின்றது.

சத்தம் கேட்டபோதுகூட அவ்வளவு பயமில்லை. அது நின்ற பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று தெரியாது. முப்பத்தெட்டு வயது ஆம்பிளை, விடியும் வரை முன்ரூமில் நின்று அழுதேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். பிளேடால் பசையை அறுத்து, தலையை அது கேட்ட அளவுக்கே வலது பக்கம் திருப்பி வைத்தேன். அன்று இரவு 9.40க்கு ஒரே ஒரு சத்தம்.

டிக்.

நான் பசை வைத்து அடைத்த மூடி... திறந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அப்படியே கொண்டுபோய் அக்கா கையில் கொடுத்தேன். காந்திபுரம் பக்கம் ஒரு மண்டபம். மேடையில் குமாரசாமி போட்டோவுக்கு மாலை போட்டிருந்தார்கள். அக்கா மூடிக்குள் எட்டிப் பார்த்தார். சுண்டுவிரலை விட்டுத் தடவினார்.

“இத்தனூண்டு எடந்தானுங்களா தம்பி?”

டாங்கியைப் போட்டோவுக்கு முன்னால் வைத்துவிட்டு, சாப்பாட்டுப் பந்திப் பக்கம் போனார்.

அப்போது ஒரு பெரியவர் என் தோளைத் தொட்டார். கொடுமுடிக்காரர், பெயர் சென்னகேசவன். குமாரசாமியோடு அதே டாங்கியில் பீரங்கி சுட்டவர். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

“ஏனுங்க தம்பி, பீரங்கிய இப்படித் திருப்பி வெக்கோணும்னு யாரு சொன்னாங்க?”

“யாரும் சொல்லலீங்க.”

என்னை வெளியே கூட்டிப்போனார். வேப்பமரத்தடியில் நின்று மெதுவாகச் சொன்னார்.

“பன்னெண்டாந் தேதி ராத்திரிங்க. குண்டு பட்டதும் நாங்க மூணு பேரு மேல் வழியா குதிச்சுப்போட்டோம். அவன் முன்னால தனியா உக்காந்திருப்பான். அவன் எங்க பக்கம் வர்ற உள்வழி நசுங்கிப்போச்சு. அவன் மூடிக்கு நேர் மேல பீரங்கி நின்னுபோச்சுங்க. மூடியத் தூக்க முடியாது. ஒரு விரற்கடை... உங்க பொம்மைக் கணக்குக்கு ஒரு விரற்கடை, அந்தப் பக்கம் திருப்பியிருந்தாப் போதும். பீரங்கியத் திருப்பக் கையால சுத்தற சக்கரம் உள்ள இருக்குது. உள்ள திரும்பிப் போறதுக்கு எங்களுக்குத் தைரியம் இல்லீங்க. மேல குண்டு மழை.”

“அவரு...?”

“தட்டுனானுங்க. மூணு மூணாத் தட்டுனா, பீரங்கிய நகத்துன்னு எங்களுக்குள்ள அடையாளம். பள்ளத்துல படுத்துக்கிட்டு என் கடியாரத்து ரேடியம் முள்ளையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். ஒம்பது நாப்பதுல இருந்து பத்து அஞ்சு வரைக்கும். அப்புறம் நின்னுபோச்சு. உடனே போயிட்டான்னு அந்தம்மணிக்கு எழுதிப்போட்டோம். வேற என்னத்தைங்க எழுதறது?”

என் வீட்டுச் சங்கதியை நான் அவரிடம் சொல்லவே இல்லை. யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

திரும்பினேன். நாச்சியம்மாள் அக்கா எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தார். சாப்பிடக் கூப்பிட வந்தவர். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

“மூணு மூணாவுங்களா?” என்று கேட்டார்.

சென்னகேசவன் தலையைக் குனிந்துகொண்டார்.

“கார்த்திகை கடைசியில வருஷா வருஷம் எங்கூட்டுல அந்தச் சத்தம் கேக்குமுங்க. ராத்திரியில. யாரோ மாவு அரைக்க வந்திருக்காங்கன்னு ஓடிப் போய் வாசக்கதவத் தொறப்பேன். யாரும் இருக்க மாட்டாங்க.”

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

“இருபத்தஞ்சு வருஷமா தொறந்து தொறந்து பாத்தனுங்க தம்பி. எதைத் தொறக்கச் சொல்றாருன்னு எனக்கு எப்படீங்க தெரியும்?”