போட்டோவுக்காகக் குறைத்த மூன்று சென்டிமீட்டர்

செயற்கைக் கால் செய்கிறவனுக்கு யோசனை சொல்ல, இரண்டு காலும் உள்ளவர்கள் எப்போதும் தயார். இத்தொழிலில் இருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை.

குதிகால் எங்கே?

தாராவி பாத்திமா ரயிலில் அடிபட்டு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவள். வயது இருபத்திரண்டு. மாநில அணித் தேர்வுக்கு நூறு மீட்டர் ஓடவேண்டும். முலுண்டில் ஓர் அறக்கட்டளை அவளுக்கு ஓட்டக் கால் வாங்கித் தந்தது. கரும்பட்டையை வளைத்த மாதிரி இருக்கும், குதிகால் கிடையாது. அதைக் குர்லாவில் என் பட்டறையில் மாட்டினேன். நிற்க முடியாமல் மாறி மாறித் துள்ளினாள். அவள் அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இத மாட்டிக்கிட்டு ரேஷன் கடை வரிசையில எப்படி நிப்பா, அண்ணாச்சி?"

மேடை

ஓடும்போது உடல் எடையில் பட்டை அமுங்கும். அதனால் அந்தக் காலைச் சற்று உயரமாக வைப்பது வழக்கம். கால் வழங்கும் விழா மேடையில் அவள் இடுப்பு ஒரு பக்கம் தூக்கி நின்றது. அறக்கட்டளைச் செயலாளர் என்னை ஓரமாக அழைத்து, "போட்டோல கோணலா விழறது, சமமாப் பண்ணிடுங்கோ" என்றார். இருபது வருடமாக நடக்கிற கால் செய்து, இடுப்பைச் சமமாக்கியே பழகிய கை. திரைக்குப் பின்னால் போய், பட்டைக்கு மேலுள்ள இணைப்புக் குழாயில் மூன்று சென்டிமீட்டர் அறுத்தேன். செயலாளருக்குத் திருப்தி.

"இப்பத்தான் கால் மாதிரி இருக்கு!"

மைதானம்

தேர்வுக்குப் பத்து நாள். நூறு மீட்டருக்கு அவள் எடுக்கும் நேரம் குறையவில்லை, கூடியது. நல்ல கால் பக்கத்து இடுப்பில் வலி. நிபுணன் அல்லவா, உடனே கண்டுபிடித்தேன்: பயிற்சி போதவில்லை. அவளிடம் சொல்லியும் விட்டேன். பாத்திமா கேட்டாள்:

"ஒவ்வொரு எட்டும் குழியில விழுது அண்ணாச்சி. போட்டோவுல அந்தக் குழி தெரியலயோ?"

தேர்வு

அறுத்த குழாய் வளராது. புதிது போட்டேன், பழைய உயரத்துக்கே. மீதி நாளில் அவள் ஓட்டத்தைத் திரும்பப் பழகினாள். தேர்வன்று, அணிக்கு எடுக்கப்போகும் மூவரில் மூன்றாவதாக வந்தாள். செயலாளர் போட்டோகிராபரோடு ஓடிவந்தார். அன்று அவ்வளவு வேகம் அவரிடம்தான். "மறுபடியும் கோணலா நிக்கறயேம்மா" என்றார். பாத்திமா துள்ளிக்கொண்டே சொன்னாள்:

"நிக்கிறதுக்கா கால் குடுத்தீங்க? ஓடும்போது எடுங்க சார்."

இப்போதெல்லாம் அளவெடுக்கும் முன், ஓடப்போகிறீர்களா, மேடையில் நிற்கப்போகிறீர்களா என்று கேட்டுக்கொள்கிறேன். இருபது வருட அனுபவத்தில் நான் கற்றது அவ்வளவுதான்.