வாத்து தேர்ந்தெடுத்த கருவி

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். வாத்துக்கு ஆழம் தெரிந்தே காலை விடுவதுதான் பிழைப்பு. மீன்வள ஆய்வு நிலையத்தில் இருபத்தொரு வருடமாகக் கடலுக்குள் இறங்கி மீன்களை எண்ணுகிற வேலை. நடக்கும்போது பாதம் இரண்டும் வெளிப்பக்கம் விரியும், அதனால் அந்தப் பெயர். தங்கையின் கணவரும் அதே நிலையத்தில் முக்குளிப்பவர்தான். அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் வாத்து, பெண்ணைக் கொடுத்ததும் வாத்து.

சாதாரண சிலிண்டரோடு இறங்கினால் குமிழி கிளம்பும், மீன் மிரண்டு ஓடிவிடும். அதனால் நிலையம் ரீபிரீதர் வாங்க முடிவு செய்தது. விட்ட மூச்சையே சுத்தம் செய்து, குறைகிற ஆக்சிஜனைச் சேர்த்துத் திருப்பித் தருகிற கருவி அது. குமிழியே வராது. எந்தக் கம்பெனியில் வாங்கலாம் என்று அதிகாரி வாத்திடம் கேட்டார்.

மாப்பிள்ளைக்குப் பெரிய கம்பெனிக் கருவிதான் பிடித்தது. ஆக்சிஜனை அளக்கும் சென்சாருக்குத் தேதி முடிந்துவிட்டால் கருவி தானே பூட்டிக்கொள்ளும், தலைகீழாக நின்றாலும் திறக்காது. வாத்துக்கு அதைக் கேட்டதுமே எரிச்சல். நம் மூச்சுக்கு எவனோ எங்கோ உட்கார்ந்து பூட்டுப் போடுவதா? அவர் ஒற்றைக்காலில் நின்றது சின்னக் கம்பெனிக்காக. கம்பெனி என்றால் ஒரு பட்டறை, ஒரு லேத்து, கண்ணாடி போட்ட ஒரு மனிதர், அவ்வளவுதான். போன் செய்தால் அவரே எடுப்பார். மார்பளவு கேட்டுத் தோள்பட்டையைத் தைத்துக் கொடுப்பார். நீங்கள் சொன்னால் சரி என்று மாப்பிள்ளை விட்டுக்கொடுத்தார். எதிர்த்துப் பேசுகிற குணம் அவருக்கு இல்லை. கொஞ்சமாவது இருந்து தொலைத்திருக்கலாம்.

நான்கு வருடம் குறையில்லாமல் ஓடியது. பிறகு கண்ணாடிக்காரர் பக்கவாதத்தில் விழுந்தார், பட்டறை மூடிக்கிடந்தது. அவருடைய கருவிக்கு வேறு எவருடைய சென்சாரும் பொருந்தாது. ஒரு கருவிக்கு மூன்று சென்சார், வருடத்துக்கு ஒரு முறை மூன்றையும் மாற்றியாக வேண்டும். அலமாரியில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. தன் கருவியில் போட்டுக்கொள்ள வாத்துக்கு மனம் வரவில்லை. தங்கை முகத்தை நினைத்து, இரண்டு பழசோடு அந்தப் புதுசைச் சேர்த்து மாப்பிள்ளையின் கருவியில் மாட்டினார். பாசம் பொல்லாதது, அதற்குக் கணக்கும் தெரியாது.

ஏனென்றால் மூன்றில் எந்த இரண்டு ஒத்துப்போகிறதோ அதைத்தான் கருவி நம்பும். அன்று காலை ஆறு மீட்டர் இறங்கிப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை படகருகே வாத்திடம் தலையை நீட்டினார்.

"புதுசு மட்டும் ஆக்சிஜன் அதிகமா காட்டுது."

"புதுசு கொஞ்சம் துள்ளத்தான் செய்யும். பழசு ரெண்டும் ஒண்ணா நிக்குதில்ல, அதை நம்புங்க."

புதுசு துள்ளவில்லை, உண்மையைச் சொன்னது. வயதான இரண்டும் ஒன்றுபோலச் சோர்ந்து குறைத்துக் காட்டின. அவற்றை நம்பிக் கருவி மேலும் மேலும் ஆக்சிஜனைச் சேர்த்தது. ஆழத்தில் அளவுக்கு மிஞ்சிய ஆக்சிஜன் நஞ்சு. பத்தொன்பதாவது மீட்டரில் மாப்பிள்ளைக்கு வலிப்பு வந்தது. வாத்து இழுத்து வந்து படகில் கிடத்தியபோது உயிர் இல்லை.

மூன்று மாதம் தங்கை கண்ணாடிக்காரரை வாய்க்கு வந்தபடி சபித்தாள். வாத்து தினமும் போய், எதிரே உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தனக்கு வரவேண்டிய சாபம் வேறு வீட்டுக்குப் போகிறது என்று தெரிந்தும் வாய் திறக்கவில்லை. அவரைக் கோழை என்று சொன்னால் நான் மறுக்கமாட்டேன். பிறகு விசாரணை அறிக்கை வந்தது. அவரவர் கருவிக்கு அவரவரே பொறுப்பு. இறந்தவர் பழைய சென்சாரை மாட்டிக்கொண்டு, கருவியின் திரையில் தெரிந்த எச்சரிக்கையை அலட்சியம் செய்தார் என்று எழுதியிருந்தது.

தங்கை அதை இரண்டு முறை படித்தாள். அடுப்பைக்கூட இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துகிற மனிதர் அவள் கணவர்.

"அவரா கவனிக்காம விட்டார், அண்ணா?"

வாத்து சொல்லிவிட்டார். சென்சார் மாட்டியது, மாப்பிள்ளை கேட்டது, தான் சொன்ன பதில், ஒரு சொல் விடாமல். அவள் அறிக்கையை நான்காக மடித்துக்கொண்டே இருந்தாள்.

"அவர்தான் போயிட்டார், அண்ணனாவது இருக்கார்னு நெனச்சிட்டிருந்தேன்," என்றாள்.