பழைய அடுப்புப் பட்டியல்

மீட்டர் அக்காவைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்றால், இரண்டு வருடம் அவளை வேனில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனவன் நான். பல்கலைக்கழகத்தின் எரிசக்தி நிலையத்தில் நான் தற்காலிக ஓட்டுநர், அவள் தற்காலிகக் கள உதவியாளர். என்னைவிட இளையவள்தான். புகை அளக்கும் மீட்டரோடு திரிந்ததால் எல்லாரும் மீட்டர் அக்கா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

நிலையம் நல்ல காரியங்கள் செய்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆராய்ச்சி செய்பவர்களுக்குக் கருவி கொடுக்கும், மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும், வருடம் ஒரு முறை கதவைத் திறந்துவிட்டு ஊர் மக்களைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் காட்டும். இயக்குநருக்கு நாங்கள் வைத்த பெயர் வாட்டு. யாராவது கொட்டாவி விட்டால்கூட அதில் எத்தனை வாட்டு வீணானது என்று சொல்லக்கூடிய ஆள். அந்தத் திறந்த நாளில் பேராசிரியர்கள் பேசினால் கூட்டம் நெளியும், மீட்டர் அக்கா பேசினால் நிற்கும். "உங்க சமையல்கட்டுச் சுவர்ல இருக்கிற கரியைப் பாருங்க. அதே கரி உங்க நெஞ்சுக்குள்ளேயும் இருக்கு" என்பாள். ஆளாளுக்கு ஒரு முறை இருமிப் பார்த்துக்கொள்வார்கள்.

அப்போது அங்கே நடந்த பெரிய ஆய்வு, புகையில்லா அடுப்பு. விறகில் சமைக்கும் நூற்றிருபது வீடுகளை எடுத்தார்கள். பாதி வீடுகளுக்குப் புகைபோக்கி வைத்த புது அடுப்பு உடனே கிடைக்கும். மீதிப் பாதி, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, இரண்டு வருடம் பழைய அடுப்பிலேயே சமைக்க வேண்டும். முடிந்ததும் அவர்களுக்கும் புது அடுப்பு இலவசம். நடுவில் அடுப்பை மாற்றினால் பெயரை அடித்துவிடுவார்கள், ஒன்றும் கிடைக்காது. ஊழியர்களின் உறவினர் யாரும் சேரக் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது.

மீட்டர் அக்கா உறவை மறைத்துத் தன் தங்கச்சி வீட்டைச் சேர்த்துவிட்டாள். தங்கச்சிக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. புது அடுப்பு வந்தால் பிழைத்துக்கொள்வாள் என்ற ஆசைதான், வேறு எதுவும் இல்லை. எந்த வீட்டுக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டதில், தங்கச்சி வீடு பழைய அடுப்புப் பட்டியலில் விழுந்தது.

"ரெண்டு வருஷம்தானேண்ணே. கண்ணை மூடித் திறந்தா ஓடிடும்" என்று என்னிடம் சொன்னாள்.

மாதம் ஒரு முறை ஒவ்வொரு வீட்டிலும் புகை அளக்கும் பெட்டியைச் சமையல்கட்டுச் சுவரில் மாட்டுவாள். மறுநாள் போய்க் கழற்றி வருவோம். "பெட்டி இருக்குன்னு எதையும் மாத்தாதீங்க, எப்பவும் போல சமையுங்க" என்று எல்லா வீட்டிலும் சொல்ல வேண்டும். தங்கச்சி வீட்டிலும் சொன்னாள்.

அந்த வீட்டு அளவு மாதா மாதம் ஏறிக்கொண்டே போனது. வாட்டுவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "இந்த வீடு தங்கம்" என்று எல்லாரிடமும் காட்டினார். ஒரு நாள் பெட்டியை எடுக்கச் சீக்கிரமே போய்விட்டோம். தங்கச்சி ஈர விறகைத் திணித்து, அடுப்பின் மேல் குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிந்தது.

"என்னடி பண்றே?"

"அளவு நல்லா விழட்டும்னுதான்க்கா. போன மாசம் நம்ம வீடுதான் முதல்னு சொன்னியே."

அவளை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மீட்டர் அக்கா "இப்படியெல்லாம் செய்யக் கூடாது" என்று பட்டும் படாமலும் சொல்லிவிட்டுப் பெட்டியைக் கழற்றினாள். அளவை அப்படியே பதிந்தாள்.

பதினாறாவது மாதம் தங்கச்சியின் கணவர் ஒரு பழைய கேஸ் அடுப்பு வாங்கி வந்துவிட்டார். பட்டறையில் வெல்டிங் வேலை செய்பவர், அதிகம் பேச மாட்டார்.

"அண்ணி, இவளால படுக்கவே முடியல. உட்கார்ந்தபடியே தூங்குறா. விறகு போதும்."

"இன்னும் எட்டு மாசம் தம்பி. இப்ப மாத்தினா பேரை எடுத்துடுவாங்க. இத்தனை நாள் பட்டதெல்லாம் வீணாயிடும்."

அவள் சொன்னது பாதிதான். ஒரு வீடு விலகினால் மேலிடத்திலிருந்து விசாரிக்க வருவார்கள், உறவு வெளியே வந்துவிடும். ஆய்வு முடிந்ததும் அவளை நிரந்தரமாக்குவதாக வாட்டு வாக்குக் கொடுத்திருந்தார். இந்த மீதிப் பாதியை அவள் சொல்லவில்லை. தங்கச்சியோ "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கணவரை அடக்கிவிட்டாள். அந்த கேஸ் அடுப்பை எங்கள் வேனிலேயே ஏற்றிப் போய்க் கடையில் திருப்பிக் கொடுத்தோம். வண்டி ஓட்டியது நான், வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான். இதை எழுதும்போது என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

இருபத்திரண்டாவது மாதம் தங்கச்சி செத்துப்போனாள். மீட்டர் அக்கா விடுப்புக் கடிதத்தில் 'தூரத்து உறவினர் மரணம்' என்று எழுதினாள். "தூரத்து உறவுக்கு அரை நாள் போதாதாம்மா?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். அவள் சிரித்து மழுப்பினாள்.

சாவு நடந்த மூன்றாம் வாரம் அந்த வீட்டின் முறை வந்தது. தங்கமான வீட்டை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று வாட்டுவும் வேனில் ஏறிக்கொண்டார். தங்கச்சியின் கணவர் 'அண்ணி' என்று வாய் திறந்தால் போதும், மீட்டர் அக்காவின் வேலை அன்றோடு சரி.

கதவைத் திறந்தவர் அவளைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற வாட்டுவையும் பார்த்தார்.

"வாங்க மேடம்" என்றார்.

படிவத்தில் இருக்கும் கேள்விகளை வரி மாறாமல் கேட்டாக வேண்டும். வாட்டு அவள் தோளுக்குப் பின்னால் நின்று கவனித்தார்.

"போன தடவைக்கு அப்புறம் வீட்டுல இருக்கிறவங்க எண்ணிக்கையில மாற்றம் இருக்கா?"

"ஒண்ணு குறைஞ்சிருக்கு மேடம்."

"காரணம்?"

"செத்துட்டா."

வாட்டு உச்சுக் கொட்டினார். அவள் அடுத்த வரிக்குப் போனாள்.

"அவங்களுக்கு மூச்சுத் தொந்தரவு இருந்துச்சா?"

"மாசா மாசம் வந்தீங்களே மேடம். உங்களுக்குத் தெரியாதா?"

'ஆம்' என்று குறித்துக்கொண்டாள். "இப்ப யார் சமைக்கிறது?"

"நான்தான்."

"ஆய்வுல தொடர விருப்பமா? இல்லேன்னா இப்பவே விலகிக்கலாம்." இத்துடன் படிவம் முடிந்தது. ஆனால் அவள் நிறுத்தவில்லை. "விலகிடுங்க" என்றாள். "தயவு செஞ்சு விலகிடுங்க."

"நாமளா அப்படிச் சொல்லக் கூடாதும்மா" என்று வாட்டு தடுத்தார்.

"எதுக்கு மேடம் விலகணும்? இன்னும் ரெண்டு மாசம்தானே" என்ற அவர், அடுப்பு முன்னால் போய் உட்கார்ந்து விறகை எடுத்துச் செருகினார். "பெட்டியை மாட்டுங்க."

பெட்டி சமைப்பவரின் மூக்கு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது முறை. வாட்டு தலையைச் சாய்த்து அவருடைய உயரத்தைச் சுவரில் இருந்த பழைய ஆணியோடு கண்ணால் ஒப்பிட்டார்.

"இவர் அந்தம்மாவைவிட உயரம். ஆணியை மாத்தி அடிங்கம்மா" என்றார்.

மீட்டர் அக்கா பழைய ஆணியைப் பிடுங்கி, ஒரு சாண் மேலே அடித்தாள்.