பாரிஸ் கவுனும் என் கூறைப்புடவையும்

பல் டாக்டரிடம் காத்திருக்கும்போது புரட்டிய பத்திரிகையில் அந்தப் படம். பாரிஸ் டிசைனர் ஒருவர் அந்தக் காலத்தில் பென்சிலால் வரைந்த கவுன். தொட்டால் முறிகிற இடுப்பு, குடையாய் விரிந்த பாவாடை. பல்வலி போன இடம் தெரியவில்லை. வயிறுதான் எரிந்தது, இத்தனை வருஷம் கழித்தும்!

அறுபதுகளின் கடைசியில், ஜெர்மனியின் பான் நகரில், நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி ஃப்ராவ் பெக்கர் இதே மாதிரி ஒரு படத்தைக் கூடத்தில் மாட்டியிருந்தாள். இளவயதில் பாரிஸில் தையல் வேலை பார்த்தவள். டிசைனரே தன் கையால் கொடுத்தாராம். மாடியில் என் சிநேகிதி சரோஜா. எங்கள் இருவர் வீட்டுக்காரர்களுக்கும் ஒரே ஆராய்ச்சிக்கூடம். ஊர்த் திருவிழாவான கார்னிவலின் நடனம் வந்தது. ஃப்ராவ் பெக்கர் சரோஜாவை ஏற இறங்கப் பார்த்து, "இந்தக் கவுனை உனக்குத் தைத்துத் தருகிறேன்" என்றாள். பக்கத்தில் நானும் ஒருத்தி நிற்கிறேன். என்னிடம், "காபி குடிக்கிறாயா?"

சரோஜா நல்ல உயரம். நெட்டைக் கொக்கு என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். "சரோஜா நடந்தா அது ஒரு அழகுதான்" என்று என் வீட்டுக்காரர் வேறு சொல்லித் தொலைத்திருந்தார். அந்த நடனத்தில் அவர் கண் என்மேல்தான் நிற்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம் எனக்கு.

கணக்கில் பி.எஸ்சி. படித்த திமிர்! அதே கவுனை நானே தைத்துக்கொள்வதென்று, ஸ்கேலை எடுத்துக் கூடத்துப் படத்திலிருந்த பெண்ணின் தலையை அளந்தேன், என் தலையை அளந்தேன், அந்த விகிதத்தில் கவுனுக்கு அளவு போட்டேன். துணி? இருந்த ஒரே நல்ல பட்டு என் கூறைப்புடவை. கத்திரியை வைத்துவிட்டேன். படத்துப் பெண்ணுக்குப் பனைமர உயரத்தில் கால் வரைவார்கள் என்று யார் கண்டது? தைத்து முடித்தால், நீளம் இரண்டு பேருக்குக் காணும். இடுப்புக்குள் என் தொடை ஒன்றுதான் நுழையும்.

தன் கவுனைக் காட்ட வந்த சரோஜா பார்த்துவிட்டாள். "அடிப்பாவி! கூறைப்புடவையையா வெட்டினே?" சிரிப்பாள் என்றிருந்தேன். சிரிக்கவில்லை. மாடிக்கு ஓடி, தன் கூறைப்புடவையைக் கொண்டுவந்து, "இதைக் கட்டிக்கோ. எனக்குத்தான் கவுன் இருக்கே" என்றாள். நல்லவளாகவும் அவளே இருக்க வேண்டுமா? எனக்கென்று எதையாவது விட்டுவைக்கக் கூடாதா?

கட்டிக்கொண்டு போனேன். "புடவை பிரமாதம். யாரோடது?" என்று கேட்டார் மகானுபாவர். கேட்டுவிட்டுப் பார்வையெல்லாம் கவுன் பக்கம்.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். அவரும் போய்ச் சேர்ந்தார். நான் புதுப்புடவை கட்டினால், முந்தானையைத் தொட்டுப் பார்த்து "எங்கேடி வாங்கினே?" என்று கேட்க ஆளில்லை. போன மாசியில் சரோஜாவும் போய்விட்டாள். அதிலும் எனக்கு முன்னால்தான், பாவி.