ஜிலேபிக் கடை எங்கம்மா?

மேடம் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அரியலூர்ச் சுரங்கங்களில் கிடைக்கும், நத்தை போலச் சுருண்டு கல்லாகிப்போன பழங்காலக் கடலுயிரைக் கடைத்தெருச் சுவரில் ஆரஞ்சு நிறத்தில் வரைந்திருந்தோம். ஏலாக்குறிச்சி பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மா நின்று கேட்டார்: "ஜிலேபிய இவ்ளோ பெருசா போட்டிருக்கீங்களே, கடை எங்கம்மா?" நிறத்தைத் தேர்ந்தெடுத்தவள் நான். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

மேடம் தினமும் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்து எங்கள் சிறிய வடிவமைப்பு ஆபீஸை நடத்தியவர். பாதி ஷட்டர் இறங்கிப்போன அந்தத் தெருவுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உயிர் கொடுக்கும் வேலை எங்களிடம் வந்திருந்தது. யார் மனமும் நோகக் கூடாதென்று நான் எல்லாவற்றையும் தெருவுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தேன்; ஓவியம் இங்கே, பாட்டு வகுப்பு அங்கே, மேடை ரயிலடிப் பக்கம். வரைபடத்தில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டு முடிந்த பிள்ளைகள் நேராகப் பஸ் ஏறினார்கள். மேடையில் யாரோ வேட்டி காயப்போட்டார்கள்.

"கொழம்புக்கு வாங்குன கறிய தெரு பூரா ஆளுக்கொரு துண்டு குடுத்துட்டா, யாரு வூட்டுல கொழம்பு கொதிக்கும், சொல்லு?" என்றார் மேடம். திட்டவில்லை. எல்லாவற்றையும் கடைத்தெருவுக்கே கொண்டுவந்தார். அந்த ஓவியத்தின் கீழேயே ஒரு மிட்டாய்க்காரரை உட்காரவைத்தார். பக்கத்தில் பாட்டு வகுப்பு, எதிரே பேண்டு செட்டுக்காரர்களின் ஒத்திகை. ஷட்டர்கள் ஒவ்வொன்றாக ஏறின.

குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன். மேடமும் ஓய்வுபெற்று மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மூடிக் கிடந்த கடைசி ஷட்டரில் ஓவிய வகுப்பு நடத்தச் சொல்லி என்னை வற்புறுத்தியவர் அவர்தான். சாவி கைக்கு வந்தபின் எனக்கு நூறு பயம்: தூசி, மேளச் சத்தம், பத்து மாதக் குழந்தை. யாருமே வராவிட்டால்? "இன்னும் ரெண்டு மாசம் போகட்டுமே மேடம்" என்று போனில் இழுத்தேன்.

"ஒத்தப் பல்லு போனாலும் சிரிச்சா அதான்டி தெரியும். தொற."

நேற்று சாயங்காலம் திறந்தேன். எதிரே டிரம் அதிர்ந்தது. அழுவாள் என்று நான் பயந்த மகள் இடுப்பில் குதித்தாள். சிறுமி ஒருத்தியைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் எட்டிப் பார்த்தார். "பெரியவ பாட்டு கிளாஸ்ல இருக்காங்க, முடிய ஒரு மணி நேரமாவும். சின்னவள இங்க விடலாங்களா?"

சேர்க்கை விண்ணப்பம், நேர அட்டவணை என்று நான் தயாரித்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோயிற்று. "விடுங்க, விடுங்க" என்றேன்.

சிறுமி உட்கார்ந்தாள். அவர் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"எனக்கும் ஒரு பேப்பர் குடுங்க."