ஆபிரகாம் மாமாவின் ஏழு கற்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வாட்ஸ்அப் மெசேஜைப் பார்த்துப் பதறிப்போனேன். மிரட்டலா? இல்லை. "கல்லெல்லாம் எங்க?" – அவ்வளவுதான் அதில் இருந்தது.

அனுப்பியவர் சாரா அக்கா. மன்னார்புரத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த யூதக் குடும்பத்துப் பெண். அவருடைய அப்பா ஆபிரகாம் மாமாவுக்கு ரயில்வேயில் வேலை. பெயரை வைத்தே அவர்களைக் கிறிஸ்தவர்கள் என்று முடிவு கட்டிய எங்கள் தெரு, டிசம்பரில் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்லும். மாமாவும் சிரித்தபடி தேங்க்ஸ் சொல்லிவிடுவார். அத்தை மார்க்கெட்டில், மதத்தில் விலக்கு என்று இறாலைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். "செதில் இருக்கற மீனா குடுங்க" என்பார். வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் இரண்டு மெழுகுவர்த்தி... எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை விளக்கு உண்டு என்பதால், எனக்கு அது வித்தியாசமாகவே தெரிந்ததில்லை.

மாமா இங்கேயே காலமானார். யூதர்களுக்கென்று தனி இடம் இல்லாததால், கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் ஓர் ஓரமாக அடக்கம் செய்தார்கள். பிறகு மற்றவர்கள் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள்.

அக்கா கேட்டது சின்ன உதவி. "மழையில அப்பா சமாதி எப்படி இருக்குன்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புறியா?"

போனேன். சமாதிமேல் ஏழு கூழாங்கற்கள். எந்த வாண்டுகளின் வேலையோ! வாரிச் சுவரோரம் வீசினேன். தேய்த்துக் கழுவி, சாமந்தி மாலை போட்டு, ஊதுபத்தி ஏற்றி, போட்டோ அனுப்பினேன். பாராட்டு வரும் என்று வேறு காத்திருந்தேன்.

வந்தது அந்தக் கேள்விதான். அதன் பின்னாலேயே இன்னொன்று: "நாங்க பூ வைக்க மாட்டோம். பார்க்க வந்தவங்க ஆளுக்கொரு கல்லு வெச்சுட்டுப் போவோம். மூணு வருஷம் முன்னாடி ஏழு பேரும் வந்து வெச்சது அது. அம்மா வெச்சதும் அதுலதான் இருக்கு."

அத்தை போன வருடம் இறந்துவிட்டார். "மழையில உருண்டிருக்கும்க்கா, பார்க்கறேன்" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

ஆட்டோவில் ஓடினேன். வழியெல்லாம் பயம்... இதற்குள் யாராவது கூட்டி அள்ளியிருந்தால்? மண்டியிட்டுத் தேடினால், எல்லாக் கல்லும் ஒரே மாதிரி! அத்தையின் கல் எது? அதை விட்டுவிடுவேனோ என்ற பயத்தில், கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கிச் சமாதிமேல் வைத்து மறுபடி போட்டோ அனுப்பினேன்.

நீல டிக் விழுந்தது. பத்து நிமிடம் எனக்கு உயிரே இல்லை.

பிறகு பதில் வந்தது: "பதினொண்ணு இருக்கே! எங்களுக்கப்புறம் நாலு பேர் அப்பாவைப் பார்க்க வந்திருக்காங்களா? அழுகையே வந்துருச்சுடி. இதுல உன் கல்லு எது?"

டைப் செய்தேன். அழித்தேன். அவர்கள் ஏழு பேரும் வந்த அன்று, ஆபீஸில் லீவு இல்லை என்று சொல்லி வீட்டில் டிவி பார்த்தவள் நான். பஸ்ஸில் இருபது நிமிட தூரத்தில் இருந்துகொண்டு, இந்தப் போட்டோவுக்கு முன் ஒருநாளும் மாமாவைப் பார்க்கப் போனதில்லை.

கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன்: "நான் வெச்ச கல்லு ஒண்ணுகூட இல்லக்கா. எடுத்து வீசினதுதான் ஏழு."

இதை எழுதி முடிக்கும்வரை நீல டிக் விழவில்லை.