வளைவுக்கு ஒரு கோவிந்தா

மனைவி வாங்கி மாட்டிய மந்திரப் பெட்டி விடிந்ததிலிருந்து ஓதி ஓதி என் உயிரை வாங்குகிறது. கேட்டால் மன அமைதிக்காம். நான் ஓதப் பழகியதோ, இன்று சுவடே இல்லாமல் போய்விட்ட வெள்ளிமலை ஜீப் ஸ்டாண்டில். டீசல் வாடையும் பலாப்பழ வாடையும் சேர்ந்து குமட்ட, டிரைவர் மாணிக்கம் அண்ணனின் ஜீப்பில் ஒருவர் மடியில் ஒருவராக அடைந்துகொண்டு மலை இறங்கும்போது, ஒவ்வொரு வளைவிலும் நான் "ஏழுமலையானே!" என்று எடுத்துக்கொடுக்க, பின்னால் அத்தனை பேரும் "கோவிந்தா!" என்று அலறுவார்கள். இதற்காகவே எனக்கு முன்சீட்டு. என் பக்திக்குக் கிடைத்த மரியாதை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் வாய் நிறையப் பலாச்சுளை. ஒரு வளைவில் சும்மா இருந்துவிட்டேன். திடீரென்று எதிரே பஸ். அண்ணன் மிதித்த மிதியில் ஜீப் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது.

"இன்னாடா, வாயில கொழுக்கட்டயா?"

"மனசுல சொன்னாலே சாமிக்குக் கேக்கும்ண்ணே."

"சாமிக்குக் கேக்கும்டா. எதிர்ல வர்ற பஸ்சுக்குக் கேக்க வாணாமா? வண்டியில ஹாரன் வேல செய்யலடா!"

மிச்ச வளைவுகளில் நான் காட்டிய பக்தியைக் கேட்டு, அடிவாரத்துச் செக்போஸ்டில் ஜீப் கண்ணில் படும் முன்பே கட்டையைத் தூக்கிவிட்டார்கள்.